வாட்ச்மேன் வீடு நிற்கிறதா என்று சாட்டிலைட் படத்தில் பார்க்க முடியுமா?

மயூர்விகார்_நாலாம்மாடி | 5 நவம்பர் 2023, காலை 10:12

வணக்கம். வெள்ளிக்கிழமை இரவு நடந்ததைத் தில்லிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மணி பதினொன்றரையைத் தாண்டியிருந்தது. குளிர் ஆரம்பித்துவிட்டதால் ஃபேனை நிறுத்தி வைத்திருந்தோம். அது தானாக ஊஞ்சல் மாதிரி ஆடியது. மாமியாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நான்கு மாடி இறங்கினோம். கீழே எங்கள் சொசைட்டியின் இரவு வாட்ச்மேன் டார்ச்சை ஆட்டி ஆட்டி, கார்களுக்கு நடுவில் நிற்காதீர்கள், பார்க்குக்குப் போங்கள் என்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நிதானமாக இருந்தது அவர் ஒருவர்தான்.

மறுநாள் காலையில்தான் விஷயம் தெரிந்தது. நிலநடுக்கம் நேபாளத்தில், ஜாஜர்கோட் பக்கம். 150 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். இவர் ஊரும் அதே ஜாஜர்கோட். எங்கள் பக்கம் நேபாளி யாராக இருந்தாலும் 'பகதூர்' என்று கூப்பிட்டுவிடுவார்கள். எட்டு வருடமாக எங்கள் கேட்டில் நிற்கிற மனிதரிடம் ஊர் எது என்று நான் சனிக்கிழமைதான் முதல்முறையாகக் கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஊரில் அம்மா, தம்பி மனைவி, இரண்டு குழந்தைகள். தம்பி கத்தாரில். இரவு ஒரு மணிக்கு ஒரே ஒரு போன் வந்திருக்கிறது. எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், வயலில் உட்கார்ந்திருக்கிறோம் என்றார்களாம். வீடு என்ன ஆனது என்று இவர் கேட்பதற்குள் சார்ஜ் போய்விட்டது.

நான் உதவுவதாக நினைத்து ஒரு காரியம் செய்தேன். போனில் கூகுள் மேப்பைத் திறந்து சாட்டிலைட் வியூவில் போட்டேன். அவர் சொல்லச் சொல்ல ஆற்றைப் பிடித்து, பள்ளிக்கூடத்தைப் பிடித்து, வீட்டைக் கண்டுபிடித்துவிட்டோம். நீலத் தகரக் கூரை. பளிச்சென்று நிற்கிறது. அவர் என் போனை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். மாலையில் டீக்கடையில் எல்லாரிடமும், வீடு நிற்கிறது, சாப் சாட்டிலைட்டில் பார்த்துச் சொல்லிவிட்டார் என்று சொல்லியிருக்கிறார்.

ராத்திரி படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் படம் எப்போது எடுத்தது?

நிலநடுக்கத்துக்குப் பிறகு எடுத்த படம் பொதுஜனத்துக்குக் கிடைக்குமா? அதில் ஒரு வீட்டின் நிலைமை தெரியுமா? அவருக்கு இது விளையாட்டு இல்லை. அவரை வைத்திருக்கும் ஏஜென்சி இப்போது லீவு இல்லை என்கிறது. வீடு நின்றால் பணத்தை மட்டும் அனுப்பிவிட்டு இங்கேயே இருப்பார். விழுந்திருந்தால் வேலை போனாலும் போயே ஆக வேண்டும். இடத்தின் எண்கள் கீழே:

[நெறியாளரால் நீக்கப்பட்டது]


சும்மா_பார்வை | 5 நவம்பர் 2023, காலை 10:40

கூகுள் எர்த்தில் லைவ் போட்டுப் பாருங்கள் சார். யூடியூபில் வீடியோ இருக்கிறது, மொட்டைமாடியில் காயப்போட்ட துணி வரைக்கும் தெரியும். எல்லாம் இலவசம்.


முனிர்கா_முன்னாள் | 5 நவம்பர் 2023, மதியம் 1:25

இட எண்களை எடுக்கச் சொல்லி நெறியாளருக்கு எழுதியது நான்தான். ஆண்கள் யாரும் ஊரில் இல்லாத, பூட்ட முடியாத நிலையில் இருக்கக்கூடிய ஒரு வீடு. அதன் இருப்பிடத்தைப் பொதுவில் போட வேண்டாம். எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

சும்மா_பார்வை சொல்கிற லைவ் என்று ஒன்று கிடையாது. படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் 500 முதல் 800 கிலோமீட்டர் உயரத்தில் வடக்கும் தெற்குமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எந்த ஊருக்கு மேலேயும் வந்து நிற்பதில்லை. போகிற போக்கில் எடுத்ததுதான். துணி தெரிகிற படம் பெரும்பாலும் விமானத்திலோ டிரோனிலோ எடுத்ததாக இருக்கும்.

கூகுளில் நீங்கள் பார்த்தது ஒட்டுப்போட்ட போர்வை. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு நாளில் எடுத்தது. மலைக்கிராமம் என்றால் துண்டு சில வருடப் பழசாக இருப்பது சாதாரணம். போனில் தேதி காட்டாது. கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் புரோ போட்டால் கீழே எடுத்த தேதி வரும், மேலே கடிகாரப் படத்தை அழுத்தினால் பழைய படங்களும் வரிசையாக வரும். வயலைப் பார்த்தும் ஓரளவு சொல்லலாம். நவம்பர் முதல் வாரம் அங்கே நெல் அறுப்புக் காலம், மஞ்சளாகவோ மொட்டையாகவோ இருக்க வேண்டும். உங்கள் படத்தில் படிக்கட்டு வயல் பச்சைப்பசேல் என்று இருந்தால் அதுவே பதில்.

ஆக, நீங்கள் அவரிடம் காட்டியது வீட்டின் பழைய போட்டோ. தள்ளிப்போடாமல் இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, புதுப்படம். எல்லாருக்கும் இலவசமாகக் கிடைப்பது ஐரோப்பாவின் சென்டினல்-2. ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்தை எடுக்கும். கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அதன் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். உங்கள் சொசைட்டியில் எட்டு கார் நிறுத்துகிற இடம் முழுக்கச் சேர்ந்து ஒரே நிறமாக வரும். அவருடைய வீடு அந்த ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும், பக்கத்து மாட்டுக்கொட்டகையையும் சேர்த்து. மலை சரிந்திருந்தால் தெரியும். வீடு சரிந்தால் தெரியாது.

வீடு வீடாகத் தெரிய வேண்டுமானால் 30, 50 சென்டிமீட்டர் படம் வேண்டும். அது தனியார் செயற்கைக்கோள்களிலும் நம் கார்ட்டோசாட் மாதிரியானவற்றிலும்தான். பெரிய பேரழிவுகளுக்கு மேக்சார் மாதிரி கம்பெனிகள் படத்தைத் திறந்து விடுவதுண்டு. இந்த வருடம் பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்குச் செய்தார்கள். எல்லா நிலநடுக்கத்துக்கும், எல்லா ஊருக்கும் அது நடக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

சரி, அப்படி ஒரு படம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இங்கேதான் நான் பட்ட அடியைச் சொல்ல வேண்டும்.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. நான் அப்போது தில்லி முனிர்காவில் ஒரு அறையில் மூன்று பேரோடு இருந்தேன், படிப்பு நிலவியல் இல்லை, புவியியல். மதியம் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் டியூப்லைட் ஆடியது. காத்மண்டு பக்கம் 7.8. அன்று ராத்திரியே ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில், அதாவது யார் வேண்டுமானாலும் வரையக்கூடிய இலவச இணைய வரைபடத்தில், உட்கார்ந்துவிட்டோம். வேலை இப்படி: பாதிக்கப்பட்ட பகுதியைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருப்பார்கள். ஒரு சதுரத்தை எடுத்துக்கொண்டு, நிலநடுக்கத்துக்கு முந்தைய படத்தின் மேல் வீடு, பாதை, ஓடை எல்லாவற்றையும் வரைய வேண்டும். வேறொருவர் வந்து சரிபார்ப்பார். என் முதல் சதுரம் திரும்பி வந்தது. நான் வீடு என்று வரைந்ததில் பாதி வைக்கோல் போர். 'நிழலைப் பாருங்கள்' என்று ஒரே வரி எழுதியிருந்தார் சரிபார்த்தவர். வைக்கோல் போரின் நிழல் உருண்டையாக விழும், வீட்டின் நிழலுக்கு மூலை இருக்கும். அதிலிருந்து நான் கூரையைப் பார்ப்பதற்கு முன்னால் நிழலைத்தான் பார்க்கிறேன்.

ஒரு வாரம் கழித்து, சிந்துபால்சோக் மாவட்டத்தில் நான் வரைந்த ஒரு கிராமத்துக்குப் பிந்தைய படம் கிடைத்தது. யாரும் கேட்கவில்லை, நானாக எண்ணினேன். முக்கால்வாசிக் கூரை அப்படியே இருந்தது. நிவாரணச் சாமான் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் கிளம்பின ஒரு சீனியரிடம், அந்த ஊர் பரவாயில்லை அண்ணா, வேறு பக்கம் போங்கள் என்று சொல்லிவிட்டேன். வழி அந்த ஊரைத் தாண்டித்தான் இருந்தது, அதனால் பார்த்துவிட்டு வந்தார். குடியிருக்க லாயக்கான வீடு ஒன்றுகூட இல்லை என்றார். சுவரெல்லாம் உள்ளே கொட்டி, தகரக் கூரை அதன் மேல் முழுசாக உட்கார்ந்திருந்ததாம். பானை உடைந்து சோறு கொட்டிக் கிடக்க, மூடி மட்டும் சேதாரமில்லாமல் மேலே கிடக்கிற மாதிரி. நான் எண்ணியது மூடியை.

மேலிருந்து எடுத்த படம் இரண்டே பதில்தான் சொல்லும். 'விழுந்திருக்கிறது' என்பது ஒன்று, 'தெரியவில்லை' என்பது இன்னொன்று. 'நன்றாக இருக்கிறது' என்ற பதில் அதற்கு வராது. உங்கள் வாட்ச்மேனுக்கு நீங்கள் தந்தது அந்த வராத பதில்.

கோபமாக எழுதியது போல இருந்தால் மன்னிக்கவும். என் மேல் உள்ள கோபம்.


மயூர்விகார்_நாலாம்மாடி | 6 நவம்பர் 2023, இரவு 9:50

மேடம், சொல்லிவிட்டேன். நேற்று இரவே. கேட் பக்கத்தில் அவருடைய கூண்டில் உட்கார்ந்து, அது பழைய படம், தவறு என்னுடையது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே, எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது சாப், முற்றத்தில் வாதுமை மரம் இருந்தது, அதைப் போன வருடமே வெட்டிவிட்டோம் என்றார். மரத்தைப் பார்த்திருக்கிறார், வீட்டை நம்ப ஆசைப்பட்டு மரத்தைப் பற்றிப் பேசாமல் இருந்திருக்கிறார்.

இன்று மாலை நாலேகாலுக்கு மறுபடி ஆடியதே, அதுவும் அந்தப் பக்கம்தானாம். அவர் டியூட்டியில் இல்லை, தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

ஒரு கேள்வி. துருக்கியில் கம்ப்யூட்டரே படத்தைப் பார்த்து எந்தக் கட்டடம் விழுந்தது என்று கண்டுபிடித்ததாகச் செய்தியில் படித்தேன். ராடார் படம் வைத்தும் செய்கிறார்கள் என்கிறார்கள். அது இங்கே உதவாதா?


கம்பி_கணக்கு | 7 நவம்பர் 2023, காலை 7:05

நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், துவாரகாவில் இருக்கிறேன். சாட்டிலைட் பற்றி முனிர்கா மேடம் சொல்லட்டும், சுவரைப் பற்றி நான் சொல்கிறேன்.

கட்டடச் சேதத்துக்கு ஐரோப்பாவில் 1998-இல் வகுத்த ஓர் அளவுகோல் உண்டு, ஐந்து படி. முதல் படி மயிரிழை விரிசல், ஐந்தாவது படி தரைமட்டம். மேலிருந்து பார்த்தால் ஐந்து பெரும்பாலும் தெரியும், நாலு சில சமயம் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று அநேகமாகத் தெரியாது. மூன்றாம் படியில் இருக்கிற கல் வீட்டில் நான் ஒரு ராத்திரி படுக்க மாட்டேன்.

குஜராத்தில் பூஜ் நிலநடுக்கம் 2001 குடியரசு தினத்தன்று காலை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அகமதாபாத்துக்கு அனுப்பினார்கள். மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிற ஊர். கீழே கார் நிறுத்தத் தூண் மட்டும் விட்டுக் கட்டிய அடுக்குமாடிகள் விழுந்திருந்தன. விழாமல் நின்ற சிலவற்றில் கீழ்த்தூண்களின் தலைப்பகுதியில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி வளைந்து வெளியே வந்திருந்தது. மேல்மாடிகளில் ஒரு ஜன்னல் கண்ணாடிகூட உடையவில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி அதனதன் இடத்தில் இருந்தது. வானத்திலிருந்து அதைப் பார்த்து என்ன சொல்வீர்கள்? தில்லியில் இன்றைக்குக் கட்டுகிற 'பில்டர் ஃப்ளோர்' என்கிற சின்ன அடுக்குமாடிகள் பலவும் அதே மாதிரி தூண் மேல்தான் நிற்கின்றன, நாமும் நிலநடுக்க ஆபத்து அதிகமுள்ள நாலாம் மண்டலத்தில்தான் இருக்கிறோம். அது வேறு கதை.

நேபாள மலைவீட்டுக்கு வருவோம். கல்லும் களிமண்ணும். ஒன்றரை அடி, இரண்டு அடி கனம் என்று பார்த்தால் கோட்டை மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு சுவர் இல்லை, இரண்டு சுவர். வெளிப்பக்கம் ஒரு அடுக்கு, உள்பக்கம் ஒரு அடுக்கு, நடுவில் சில்லுக்கல். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க இந்த முகத்திலிருந்து அந்த முகம் வரை எட்டுகிற நீளக்கல்லை இடையிடையே வைக்க வேண்டும். நீளக்கல் கிடைப்பது கஷ்டம், வைக்க மாட்டார்கள். ஆட்டம் வந்தால் இரண்டு அடுக்கும் தனித்தனியாகப் பிரிந்து, வெளி அடுக்கு வயிறு தள்ளி வெளியே கொட்டும். 1993-இல் மகாராஷ்டிராவில் கில்லாரியில் நடந்ததும் இதேதான். அங்கே மேலே மண்கூரை, கனம். விடியற்காலை தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் இறங்கியது. இங்கே தகரம் என்றால் கூரை லேசு, உள்ளே மரத்தூணும் இருந்தால் சுவர் கொட்டிய பிறகும் கூரை நிற்கும்.

போன் கிடைத்தால் அவர் கேட்க வேண்டியது 'வீடு நிற்கிறதா' என்று அல்ல. யாரும் உள்ளே போகாமல், வெளியே நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். மூலையில் மேலிருந்து கீழாகப் பிளவு இருக்கிறதா, சுவர் எங்காவது வயிறு தள்ளியிருக்கிறதா, கதவு முன்னைப்போல் சாத்த முடியாமல் இருக்கிறதா. இவற்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் வீடு நின்றாலும் விழுந்த வீடுதான். அடுத்த ஆட்டம் நேற்று மாலை வந்ததை நீங்களே பார்த்தீர்கள்.


சும்மா_பார்வை | 7 நவம்பர் 2023, காலை 9:30

அப்படியானால் இத்தனை கோடி போட்டு எதற்கு சார் சாட்டிலைட்? நாலு போட்டோவும் போனும் போதுமே.


முனிர்கா_முன்னாள் | 9 நவம்பர் 2023, இரவு 11:15

சும்மா_பார்வை கேட்டது நியாயமான கேள்வி. கிண்டலாகக் கேட்டாலும்.

போன் இருக்கிற இடத்தில் போன் போதும். ஹெய்ட்டியில் 2010 ஜனவரியில் நிலநடுக்கம் வந்தபோது தலைநகர் போர்ட்டோ பிரின்ஸுக்கே தெருத்தெருவாக உருப்படியான டிஜிட்டல் வரைபடம் இல்லை. உலகம் முழுக்க ஆட்கள் வீட்டிலிருந்து வரைந்தார்கள், மீட்புக்குப் போனவர்கள் அதை ஜிபிஎஸ் கருவியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திறந்தவெளியில் மக்கள் தானாகப் போட்டுக்கொண்ட கூடாரங்களைக் குறிப்பதற்கென்றே தனி அடையாளம் உண்டாக்கினார்கள். வீடு விழுந்தது தெரியாவிட்டால் என்ன, பள்ளி மைதானத்தில் நேற்று இல்லாத நீலத் தார்ப்பாய் இன்று ஐம்பது இருக்கிறது என்றால் அந்தத் தெருவின் கதை தெரிந்துவிடும். கூரையைவிடத் தார்ப்பாய் உண்மை பேசும். காத்மண்டுவில் ஒரு சின்னக் குழு, காத்மண்டு லிவிங் லேப்ஸ், 2015-க்கு முன்பே பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி எல்லாம் வரைந்து வைத்திருந்தது. அதனால்தான் அங்கே முதல் நாளே வேலையைத் தொடங்க முடிந்தது.

மயூர் விகார் சார், உங்கள் கேள்விக்கு வருகிறேன். துருக்கியில் நீங்கள் படித்தது சரி. பிப்ரவரி 6 விடியற்காலை. நான் அங்கே அன்டாக்யா நகரத்துக்குப் பழைய படத்தை வைத்துக் கட்டடம் வரைந்துகொண்டிருந்தேன். புதுப்படம் வந்ததும் என் சதுரத்தைத் திறந்து பார்த்தேன். கணினிக்கு எளிதான இடங்கள் எனக்கும் எளிதாக இருந்தன: கட்டடம் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் குப்பை, ஓரங்கள் தெருவில் வழிந்திருந்தன. ஆனால் ஒரு அடுக்குமாடி மட்டும் மாறவே இல்லை. மொட்டைமாடியில் வரிசையாக வெயிலில் தண்ணீர் காய்ச்சும் தொட்டிகள், எல்லாம் இருந்த இடத்தில். தாண்டிப் போய்விட்டேன். பழைய பழக்கம் பிடித்து இழுத்தது, திரும்பி வந்து நிழலைப் பார்த்தேன். பக்கத்துக் கட்டடத்தின் நிழல் சாலையைத் தாண்டி எதிர்வீட்டுச் சுவரில் ஏறியிருந்தது. இதற்கு ஒரு நூல் அளவுக்குத்தான் நிழல். மாடிகளெல்லாம் அப்பளக்கட்டு மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன, மேல்தளம் முழுசாக இறங்கிவிட்டது.

இதற்குக் கணக்கு உண்டு. சூரியன் 45 டிகிரியில் இருந்தால் நிழலும் உயரமும் ஒன்று. ஒரு மாடி மூன்று மீட்டர் என்றால் 50 சென்டிமீட்டர் படத்தில் ஆறு புள்ளி. ஆறு புள்ளி குறைந்தால் கண் கண்டுபிடித்துவிடும். சமதரையில் இது சரி. ஜாஜர்கோட்டில் தரை எங்கே சமமாக இருக்கிறது? நிழல் மேட்டுப்பக்கம் விழுந்தால் குட்டை, பள்ளத்துப்பக்கம் விழுந்தால் நெட்டை. இதோடு இன்னொரு தொல்லை: படத்தைச் சாய்வாக எடுப்பதால் மலையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் வீடுகள் பல மீட்டர் நகர்ந்து தெரியும். மனிதன் தலையைச் சொறிந்து, அதே மரம், அதே பாறை என்று பொருத்திக்கொள்வான். கணினி குழம்பிவிடும்.

ராடார் மேகத்தையும் இருட்டையும் கடந்து பார்க்கும், முன்னும் பின்னும் எடுத்த அலைகளை ஒப்பிட்டு எந்தப் பகுதி கலைந்திருக்கிறது என்று காட்டும். நகரத்துக்கு அருமையானது. செங்குத்தான சரிவில் சிதறிக் கிடக்கும் நான்கு வீட்டில் ஒன்றைப் பற்றிக் கேட்டால் அதற்கும் பதில் இல்லை.

நீங்கள் அனுப்பிய இடத்தை சென்டினலில் பார்த்தேன். ஊருக்கு மேலே சரிவில் செம்மண் நிறத்தில் நீளமாக ஒரு கோடு. வயிற்றைப் புரட்டியது, மலைச்சரிவு என்றே நினைத்தேன். அக்டோபர் படத்தைப் போட்டேன், அதிலும் இருக்கிறது. புல்டோசர் விட்டு வெட்டிய ரோடு, தோண்டிய மண்ணைக் கீழே தள்ளிவிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து மலைகளில் புது ரோடும் மலைச்சரிவும் மேலிருந்து ஒரே ஜாடை. ஆக, புதிதாகப் பெரிய சரிவு எதுவும் அந்தச் சதுரத்தில் என் கண்ணில் படவில்லை. பத்து மீட்டர் படம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதை அவரிடம் சொல்லுங்கள். ஊருக்குப் போகிற பாதையைப் பற்றி மட்டும், வீட்டைப் பற்றி அல்ல.

அப்புறம் ஒன்று கவனித்தேன். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் அவர் ஊர் இருக்கிற இடத்தில் வேறு பெயர் இருக்கிறது. வீடுகளும் பாதிக்கு மேல் வரையவில்லை. ஞாயிற்றுக்கிழமை தீபாவளி, எனக்கு வேலை இல்லை. நொய்டாவிலிருந்து மெட்ரோ புளூ லைனில் மயூர் விகார் எனக்குப் பத்து நிமிடம். அவருக்குச் சம்மதம் என்றால் லேப்டாப்போடு வருகிறேன்.


மயூர்விகார்_நாலாம்மாடி | 13 நவம்பர் 2023, காலை 8:20

நேற்று மேடம் வந்தார்கள். என் மனைவி முறுக்கும் அதிரசமும் தட்டில் வைத்துக் கீழே அனுப்பினாள். மூன்று பேரும் கேட் கூண்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஸ்டூல், நான் நின்றுகொண்டு. சுற்றிலும் பட்டாசு. ஒவ்வொரு வெடிக்கும் அவர் லேசாக அதிர்ந்தார், சிரித்துச் சமாளித்தார்.

மேடம் வரைய வரைய அவர் பெயர் சொன்னார். வரைபடத்தில் அவர் ஊர் என்று போட்டிருந்த பெயர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊருடையதாம். 'நிவாரணம் கொண்டுவருகிறவன் இதைப் பார்த்து வந்தால் அங்கே இறக்கிவிட்டுப் போய்விடுவான்' என்றார். இது எனக்குத் தோன்றவே இல்லை. மேடம் கை ஒரு நொடி நின்றது. அப்புறம் பெயரை மாற்றினார்கள். பள்ளிக்கூடம், மாவு மில், தண்ணீர்க் குழாய், மழைக்காலத்தில் மூழ்கிவிடும் பாலம், மூழ்காத பாலம். மேலிருந்து பார்த்து வீடு என்று மேடம் வரைந்த ஒன்றை அவர் ஆட்டுக்கொட்டகை என்றார். நிழலுக்கு மூலை இருந்ததே என்று மேடம் சண்டை போட்டார்கள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. என் அத்தையின் கொட்டகை என்றார்.

ஊரிலிருந்து இன்னும் போன் இல்லை. சொசைட்டியில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு ஏஜென்சிக்குக் கொடுத்தோம், இரண்டு வாரம் விட்டிருக்கிறார்கள், சம்பளமில்லாமல். புதன்கிழமை ஆனந்த் விகாரிலிருந்து ருபைடீஹா பஸ், அங்கிருந்து எல்லை தாண்டி நேபால்கஞ்ச். கம்பி_கணக்கு சார் சொன்ன மூன்று கேள்வியையும் ஹிந்தியில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.


மயூர்விகார்_நாலாம்மாடி | 21 நவம்பர் 2023, இரவு 10:05

போட்டோ வந்துவிட்டது. கேட்டுக்கொண்ட மாதிரி நான்கு மூலையிலிருந்தும் நான்கு.

முன்பக்கத்திலிருந்து பார்த்தால் வீடு. நீலக் கூரை கூகுளில் பார்த்தது போலவே பளிச்சென்று இருக்கிறது, ஒரு தகடுகூட நெளியவில்லை. பின்பக்கத்துப் படத்தில் சுவர் இல்லை. கூரை ஆறு மரத்தூணில் நிற்கிறது. வீட்டுக்குள் தொங்குகிற காலண்டரும், வீட்டைத் தாண்டி எதிர்மலையும் ஒரே படத்தில் தெரிகின்றன. குழந்தைகள் தார்ப்பாயின் கீழ். அம்மா கையில் போட்ட கட்டோடு, சிரிக்கிறார்.

விழுந்த கல்லைப் பெரியது சிறியது என்று பிரித்து அடுக்க ஆரம்பித்திருக்கிறார். கம்பி_கணக்கு சார், நீளக்கல் எத்தனை அடிக்கு ஒன்று வைக்க வேண்டும் என்று கேட்கச் சொன்னார்.

மேடம், உங்களுக்கும் ஒரு செய்தி. தண்ணீர்க் குழாயைப் பாதைக்கு வலப்பக்கம் போட்டுவிட்டீர்களாம். இடப்பக்கம். மாற்றச் சொன்னார்.


கம்பி_கணக்கு | 21 நவம்பர் 2023, இரவு 10:40

உயரவாட்டத்தில் இரண்டடிக்கு ஒன்று, நீளவாட்டத்தில் நாலடிக்கு ஒன்று. கல் கிடைக்காவிட்டால் நல்ல வைரம் பாய்ந்த மரக்கட்டை போதும். ஜன்னலுக்கு மேலே சுற்றிவர மரப்பட்டி ஒன்று கட்டாயம். படம் வரைந்து அனுப்புகிறேன், எந்த எண்ணுக்கு?


முனிர்கா_முன்னாள் | 21 நவம்பர் 2023, இரவு 10:52

குழாயை மாற்றிவிட்டேன். ஆட்டுக்கொட்டகையையும்.